ராணுவத்தின் தேர்தலுக்கு இந்தியா முத்திரை குத்தக் கூடாது: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கு,

மியான்மரில் 2025 டிசம்பர் 28-இல் தொடங்கி மூன்று கட்டமாக ஒரு தேர்தல் நடந்தது. நடத்தியது ராணுவம். வென்றது, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நிறைந்த கட்சி. அதிலிருந்து பிறக்கும் அரசோடு வழக்கம்போல் உறவு வைத்துக்கொள்ளலாம் என்பதே டெல்லியின் போக்காகத் தெரிகிறது. 2025 ஏப்ரலில் பாங்காக்கிலும் ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜினிலும் நம் பிரதமர் அந்த ராணுவத்தின் தளபதி மின் ஆங் லைங்கைச் சந்தித்தார். அப்போதே உங்களில் சிலராவது எழுந்து கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். என் காதுக்கு எட்டும்படி ஒரு குரலும் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவள். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே ஒரு ராணுவ ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்தால் சாதாரண மனிதர்களின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இரண்டு தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது என்ன நடந்தது என்பதை உங்கள் முன் வைக்கிறேன். "அங்கே ஏதோ தேர்தல் தகராறு, ராணுவம் தலையிட்டது" என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள் அதிகம்.

2020 நவம்பர் 8-இல் தேர்தல் நடந்தது. ஆங் சான் சூ கியின் தேசிய ஜனநாயக லீக், போட்டி நடந்த 476 நாடாளுமன்ற இடங்களில் 396-ஐப் பிடித்தது. ராணுவத்தின் கட்சிக்குக் கிடைத்தது 33. வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கும் மேல் குளறுபடி என்றது ராணுவம். முடிவை மாற்றும் அளவுக்கு முறைகேடு ஏதும் இல்லை என்றது தேர்தல் ஆணையம். 2021 ஜூலையில் மின் ஆங் லைங்குக்கு 65 வயது நிறையவிருந்தது. ஓய்வு பெற வேண்டியவர். அதிபராகும் வழியைத் தேர்தல் முடிவு அடைத்துவிட்டது. 2021 ஜனவரி 26-இல் ராணுவச் செய்தித் தொடர்பாளரிடம் ஆட்சியைப் பிடிப்பீர்களா என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. மறுநாள் தளபதியே, மதிக்கப்படாத அரசியல் சட்டத்தை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று பேசினார். உலகம் பதறியதும் 30-ஆம் தேதி, அரசியல் சட்டத்தைக் காப்போம் என்று ஓர் அறிக்கை. பிப்ரவரி 1 விடியும் முன்பே கைது தொடங்கிவிட்டது. அன்றுதான் புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய நாள்.

அந்த விடியற்காலையில் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதிபர் வின் மியின்ட் பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னது இது. இரண்டு உயரதிகாரிகள் அவர் அறைக்கு வந்திருக்கிறார்கள். உடல்நிலை சரியில்லை என்று சொல்லிப் பதவி விலகும்படி கேட்டிருக்கிறார்கள். தன் உடல் நன்றாக இருக்கிறது என்று அவர் மறுத்திருக்கிறார். மறுத்தால் பெரிய தீங்கு வரும் என்று எச்சரித்திருக்கிறார்கள். சம்மதிப்பதைவிடச் சாவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்தச் சாட்சியத்தை வெளியே சொன்ன வழக்கறிஞருக்குப் பிறகு பேச்சுத் தடை விதித்தார்கள்.

ஏன் அவருடைய விலகல் கடிதம் அவ்வளவு தேவைப்பட்டது? 2008 அரசியல் சட்டப்படி நெருக்கடி நிலையை அதிபர்தான் அறிவிக்க முடியும். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ராணுவம் நியமித்த துணை அதிபர் மியின்ட் ஸ்வேயைப் பொறுப்பு அதிபராக்கி, அவர் கையால் ஆட்சியைத் தளபதியிடம் ஒப்படைக்கச் செய்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியதும் ராணுவம்தான். நர்கிஸ் புயலில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தும் காணாமலும் போயிருந்த 2008 மே மாதத்திலேயே அதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் ராணுவத்துக்கு. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் தளபதி சொல்லும் ஆளுக்கு. இவ்வளவு வசதி செய்துகொண்ட சட்டத்தைக்கூட அவர்களால் மீறாமல் இருக்க முடியவில்லை. அதன்பின் சூ கி மீது போட்ட முதல் வழக்கு, வீட்டில் வாக்கி டாக்கி வைத்திருந்தது. அதிபர் மீது, கொரோனா விதியை மீறியது.

இப்படிப்பட்ட கையெழுத்துகளின் மீதுதான் இன்றைய தேர்தல் நிற்கிறது. 2020-இல் வென்ற கட்சியை 2023 மார்ச்சில் கலைத்துவிட்டார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, இந்தத் தேர்தலை விமர்சித்தாலே சிறை. இடையூறு செய்து அதில் உயிர் போனால் மரண தண்டனை வரை உண்டு. நாட்டின் 330 நகரியங்களில் பல பத்து நகரியங்களில் வாக்குப்பதிவே கிடையாது. காரணம், அவை ராணுவத்தின் கையில் இல்லை. இதைத் தேர்தல் என்று இந்தியா ஒப்புக்கொண்டால், அந்த விடியற்காலையில் அதிபர் போட மறுத்த கையெழுத்தை நாம் போட்டுக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு பெகுவில் (இன்றைய பாகோ) ஒரு மளிகைக் கடை இருந்தது. 1962 மார்ச் 2-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அங்கிருந்த தமிழர் பலர் அதைக் கெட்ட செய்தியாக நினைக்கவில்லை. அப்பாவும் நினைக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948-லிருந்தே அந்த நாடு போரில் இருந்தது: ஒரு பக்கம் கம்யூனிஸ்டுகள், ஒரு பக்கம் கரேன் படை, பின்னால் ஷான், கச்சின் இனப் படைகள். 1958-இல் ஆளும் கட்சி இரண்டாகப் பிளந்தபோது பிரதமர் யூ நு தாமே நே வின்னிடம் ஆட்சியைக் கொடுத்தார். ராணுவம் 1960-இல் தேர்தல் நடத்தித் திருப்பியும் கொடுத்தது. தெருக்கள் சுத்தமாயின, விலைவாசி கட்டுக்குள் வந்தது என்று அப்பா சொல்வார். அதனால் இரண்டாம் முறை வந்தபோதும் நல்லதுக்குத்தான் என்று நம்பினார்கள். "யார் வந்தால் என்ன, ஒழுங்கு வந்தால் சரி" என்பது அன்றைய கடைத்தெருப் பேச்சு.

ஷான் தலைவர்கள் ரங்கூனில் கூடிக் கூட்டாட்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாடு உடையப்போகிறது, அதனால் தலையிட்டோம் என்றது ராணுவம். ரத்தமில்லாத புரட்சி என்று வெளிநாட்டார் எழுதினார்கள். நாட்டின் முதல் அதிபர் சாவ் ஷ்வே தைக்கைக் கைது செய்யப் போனபோது அவருடைய பதினேழு வயது மகன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அவரும் அந்த ஆண்டே சிறையில் செத்துப்போனார். ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

எங்கள் முறை 1964-இல் வந்தது. கடைகள் தேசியமயம். அப்பாவின் கடைக்குள் சீருடைக்காரர்கள் வந்து, தராசு முதல் எண்ணெய் டின் வரை கணக்கெடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு, வாசலில் 'மக்கள் கடை' என்று ஒரு எண் போட்ட பலகையை மாட்டினார்கள். மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கையில் இருந்ததும் போயிற்று. ரங்கூன் துறைமுகத்தில் கப்பலேறும் வரிசையில் அம்மாவின் தாலியைக் கழற்றச் சொன்னார் ஒரு சுங்க அதிகாரி. அம்மா பொட்டையும் குண்டையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். அதிகாரி தாலியை ஒரு துணிப்பையில் போட்டார். பையில் ஏற்கெனவே நிறைய இருந்தது. ரசீது கேட்டதற்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பார் அம்மா. கடைசிவரை தங்கத்தில் தாலி செய்துகொள்ள அவர் சம்மதிக்கவில்லை.

அன்றைக்கும் டெல்லி, அது அவர்கள் உள்நாட்டு விவகாரம் என்ற முகத்தோடுதான் இருந்தது. கப்பல் அனுப்பியது, வந்தவர்களுக்கு முகாமும் கடனும் கொடுத்தது, அதற்கு நன்றி. பறிகொடுத்ததைப் பற்றி உறுதியாகப் பேசியதற்கான பலன் எதையும் எங்கள் குடும்பம் கண்டதில்லை. தொகுதிக்கு வரும் உங்களில் சிலர் பர்மா பஜாரில் பொருள் வாங்கியிருப்பீர்கள், பாரிமுனைப் பக்கம் அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். அந்தக் கடைகள் எதனால் அங்கே வந்தன என்பதை நினைத்துப் பார்த்து இந்த மடலைப் படியுங்கள்.

பெரியப்பா குடும்பம் திரும்பவில்லை. விளைநிலத்தை விட்டுவர அவருக்கு மனமில்லை. அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, இன்றும் பாகோ பகுதியில்தான் இருக்கிறார். பாகோ நகரத்தில் 2021 ஏப்ரல் 9-இல் ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்டவர்களை ராணுவம் கொன்றது. அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒருவர் காணாமல் போனார். உடலைத் திருப்பித் தரப் பணம் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்தும், 1982 குடியுரிமைச் சட்டத்தால் முழுக் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அட்டை கிடைக்காமல், கீழ்நிலை அட்டைகளோடு வாழும் தமிழர் நிறைய. உரிமை என்று வரும்போது வெளியாள், துப்பாக்கி பிடிக்கச் சொல்லும்போது நாட்டின் பிள்ளை. குடியுரிமையே மறுக்கப்பட்ட ரோஹிங்கியா இளைஞர்களைக்கூடப் பிடித்துக்கொண்டு போய்ப் போர்முனையில் நிறுத்தினார்கள்.

அண்ணனின் பேரனுக்குக் குலுக்கல் சீட்டில் பெயர் விழுந்தது. வார்டு அலுவலகத்தில் ஒருவர், பெயரை எடுக்க ஒரு தொகை சொன்னார். கொடுத்தார்கள். அடுத்த குலுக்கலில் மறுபடியும் பெயர் வந்தது. மறுபடியும் தொகை, இந்தத் தடவை அதிகம். அதற்குப் பிறகு பையன் வீட்டில் படுப்பதில்லை. இரவில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று வார்டில் பதியவேண்டும். குடும்பப் பட்டியலை வைத்து ஆள் எண்ணிப் பார்க்க நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். ஒருநாள் போனில் அண்ணன் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, பத்து வீட்டுத் தலைவர் நம்ம வீட்டுக்கே வந்து, பையன அனுப்பிடுங்க, இல்லாட்டி எங்க வீட்டுப் பிள்ளை பேரு மேல வந்துரும்னு அழுவறாரு. நான் யாரைக் கோவிச்சுக்கிறது?" இப்போது அந்தப் பையன் தாய்லாந்து எல்லையில், மே சோட்டில், காகிதம் எதுவும் இல்லாமல் ஒரு தையல் ஆலையில் இருக்கிறான். இந்தியாவுக்கு வரட்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. நம் எல்லையில் அவனைப் போன்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

2021 மார்ச்சிலேயே, எல்லை தாண்டி வருபவர்களைத் தடுக்கும்படி உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்கு எழுதியது. மிசோரம் கேட்கவில்லை. எங்கள் உறவுகள் வருகிறார்கள், கதவைச் சாத்தமாட்டோம் என்று அன்றைய முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்கே கடிதம் எழுதினார். இன்றும் அந்தச் சின்ன மாநிலம் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடுகிறது. மணிப்பூரோ 2024-இல் தஞ்சம் தேடி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு, எல்லையின் இருபுறத்தாரும் கடவுச்சீட்டில்லாமல் சற்றுத் தூரம் போய்வரும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக உள்துறை அறிவித்தது. 1,643 கிலோமீட்டருக்கும் வேலி போடப்போகிறார்களாம்.

அந்த எல்லையில், மணிப்பூரில், மோரே என்று ஓர் ஊர் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். 1960-களில் பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலர், இங்கே பிழைக்க முடியாமல், பிறந்த ஊருக்கே நடந்து போய்விடலாம் என்று கிளம்பி, எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள தாமுவில் தடுக்கப்பட்டு, இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஊர். அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தாமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவத்தின் ஆதரவுப் படையினர்தான் சுட்டார்கள் என்று செய்திகள் வந்தன. கொன்றவர்கள் யார், என்ன தண்டனை என்று நாடாளுமன்றத்தில் யாராவது விடாமல் கேட்டிருக்க வேண்டாமா?

"ஜனநாயகம் வேறு, நம் நலன் வேறு, நிலையான ஓர் அரசோடுதான் பேச முடியும்" என்று வெளியுறவு விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு பக்கம் கவலை: சீனா, வடகிழக்குத் தீவிரவாதம். இரண்டும் பொய்க் கவலை இல்லை. ஆனால் அந்த ராணுவம் நிலையாக இருக்கிறது என்பது உண்மைக்குப் புறம்பானது.

2023 அக்டோபர் 27-இல் வடக்கு ஷான் மாநிலத்தில் மூன்று இனப் படைகள் சேர்ந்து தாக்கத் தொடங்கின. 2024 ஜனவரியில் லாக்காய் நகரில் ஆறு பிரிகேடியர் ஜெனரல்கள் ஆயிரக்கணக்கான வீரர்களோடு சரணடைந்தார்கள். அவர்களில் மூவருக்கு ராணுவமே மரண தண்டனை விதித்ததாகச் செய்தி வந்தது. அதே மாதம் பியின் ஊ ல்வினில், ராணுவ அகாடமி இருக்கும் ஊரிலேயே, ராணுவத்தை ஆதரிக்கும் ஒரு பிக்கு மேடையேறி, மின் ஆங் லைங் விலகித் துணைத் தளபதி சோ வின்னிடம் பொறுப்பைக் கொடுக்கட்டும் என்று பேசினார். அதற்குச் சில மாதம் முன்புதான் தளபதியின் வலதுகையாக இருந்த மோ மியின்ட் துன் ஊழல் வழக்கில் இருபதாண்டுச் சிறைக்குப் போயிருந்தார். பொறுப்பு அதிபர் மியின்ட் ஸ்வேயே, நாடு துண்டாகும் ஆபத்தில் இருக்கிறது என்று 2023 நவம்பரில் சொன்னார். 2024 ஆகஸ்டில் லாஷியோவில் வடகிழக்குத் தலைமையகம் விழுந்தது. டிசம்பரில் ரக்கைனில் ஆன் நகரத்து மேற்குத் தலைமையகம். லாஷியோ திரும்பக் கிடைத்தது சீனா தலையிட்டதால். சீனாவைத் தள்ளிவைக்க இந்த ராணுவத்தோடு கைகோக்கிறோம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

நம் கலாதான் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்வே துறைமுகத்திலிருந்து மிசோரம் வரை போகும் பாதையில் உள்ள பலேட்வா 2024 ஜனவரியில் ரக்கைன் இனப் படையான அரக்கான் ஆர்மி வசம் போனது. அந்தப் பாதைக்குத் தலைநகர் நேப்பிடோவின் அனுமதியால் இனி எந்தப் பயனும் இல்லை. இது மிசோரமின் மாநிலங்களவை உறுப்பினர் வன்லால்வேனாவுக்குப் புரிந்தது. எல்லை தாண்டிப் போய் அரக்கான் ஆர்மியைச் சந்தித்தார். அவரும் உங்களைப் போல ஒரு எம்.பி. தான்.

இந்தக் குழப்பத்தின் விலையை நம் ஊர்ப் பிள்ளைகளும் கொடுத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பக்கம் அடைத்துவைக்கப்பட்டு, அடி வாங்கிக்கொண்டு இணைய மோசடி வேலை செய்தார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் சென்னை வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 2025 மார்ச்சில் இந்தியா இரண்டு விமானங்களில் 549 பேரை மீட்டது. அந்த மோசடி நகரங்கள் நடப்பது யார் நிழலில்? சாவ் சிட் து என்பவரின் கரேன் எல்லைப் படையின் நிழலில். அந்தப் படையை 2010 வாக்கில் தன் துணைப்படையாகச் சேர்த்துக்கொண்டது மியான்மர் ராணுவம். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் சாவ் சிட் து மீது தடை போட்டுவிட்டன. போர் நடத்தப் பணமும் துணைப்படையும் தேவைப்படும்வரை ராணுவம் அவரைக் கைவிடாது. ஏஜெண்டுகளை மட்டும் பிடித்தால் இது நிற்காது.

டெல்லி இதுவரை எடுத்த நிலைகளை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 2021 மார்ச் 27, படைகளின் நாள் அணிவகுப்பு. அன்று தெருக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அணிவகுப்பு மேடையில் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த ஜூனில் ஐ.நா. பொதுச் சபை மியான்மருக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கக் கோரியது. 119 நாடுகள் ஆதரித்தன, இந்தியா ஒதுங்கியது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு அவையில் தீர்மானம் வந்தபோதும் ஒதுங்கியது, சீனாவோடும் ரஷ்யாவோடும் சேர்ந்து. 2023 மே மாதம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் வெளியிட்ட கணக்கில், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இந்தியாவிலிருந்து அந்த ராணுவத்துக்குப் போன ஆயுதமும் தளவாடமும் சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புடையவை. அதில் நம் பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு. ரஷ்யா, சீனாவோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். நம் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் என்பதால் எனக்கு அது சிறிதாகத் தெரியவில்லை. அந்த அறிக்கைக்கு ஒரு மாதம் முன்பு, சகாயிங்கின் பாஸிஜி கிராமத்தில் கூடியிருந்த மக்கள் மீது குண்டு போட்டு 160-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தார்கள். குழந்தைகள் நிறைய.

செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே இடிந்தபோது மிக விரைவில் போய்ச் சேர்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் ராணுவ மருத்துவர்கள் அங்கே கூடாரம் போட்டுச் சிகிச்சை கொடுத்தார்கள். அண்ணன் பெருமையாகச் சொன்னார். அந்த நாட்களிலும் விமானங்கள் கிராமங்கள் மீது குண்டு போடுவதை நிறுத்தவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

சூ கிக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-இல் ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் உயிர் தப்பி பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் அவர் தி ஹேக் நீதிமன்றத்தில் நின்று அந்த ராணுவத்தைத்தான் பாதுகாத்துப் பேசினார். அதை நான் மன்னிக்கவில்லை. அங்கே இன்று போராடும் இளைஞர்களில் பலரும் மன்னிக்கவில்லை. அவர்கள் கேட்பது 2020-க்குத் திரும்புவதை அல்ல. கூட்டாட்சி கேட்கிறார்கள், 1962-இல் ஷான் தலைவர்கள் பேசத் தொடங்கி முடிக்கவிடாமல் போனதைக் கேட்கிறார்கள். மாநில உரிமை பேசியே வாக்கு வாங்கும் மண்ணிலிருந்து போயிருக்கும் உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, உங்களிடம் நான் கேட்பது.

அடுத்த கூட்டத்தொடரில், இந்தத் தேர்தலை இந்திய அரசு அங்கீகரிக்கிறதா இல்லையா என்று வெளியுறவு அமைச்சரிடம் நேரடிக் கேள்வியாக எழுப்புங்கள். பதில் மழுப்பலாக வந்தால் குறுகிய நேர விவாதம் கேளுங்கள். கட்சி வேறுபாடு பார்க்காமல் 57 பேரும் கையெழுத்திட்டுப் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுத முடியும். கலைக்கப்பட்ட கட்சிகளும் இனக் குழுக்களும் இடம்பெறாத அரசுக்கு இந்தியா வாழ்த்தோ அழைப்போ அனுப்பக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லுங்கள். ராணுவத்தை எதிர்த்து, 2020-இல் வென்றவர்கள் சேர்ந்து அமைத்த தேசிய ஒற்றுமை அரசின் பிரதிநிதிகளையும் சின், கச்சின், ரக்கைன் தலைவர்களையும் வெளிப்படையாகச் சந்தித்துப் பேச வெளியுறவு நிலைக்குழு வழியாக வற்புறுத்துங்கள்.

2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு நம் பொதுத்துறை நிறுவனங்கள் மியான்மருக்கு என்னென்ன அனுப்பின, யார் பெயருக்கு, எந்த அனுமதியின் பேரில் என்ற முழுப் பட்டியலை அவையில் வைக்கச் சொல்லுங்கள். ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய எதுவும் இனி போகக் கூடாது.

தஞ்சம் தேடி வந்த ஒருவரைக்கூட அந்த ராணுவத்தின் கையில் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மிசோரமில் அகதிகளிடம் எடுக்கும் கைரேகையும் விவரமும் நேப்பிடோவுக்குப் போகாது என்று உள்துறை எழுத்தில் உறுதி தரவேண்டும். நமக்கு இன்னும் அகதிகளுக்கென ஒரு சட்டம் இல்லை. ஈழத் தமிழர் முகாம்களின் நிலையைப் பார்த்தவர்கள் நீங்கள், உங்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது அதைக் கொண்டுவரலாம். கட்டாய ராணுவச் சேவைக்குத் தப்பி வரும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு, இங்கே உறவினர் உத்தரவாதம் கொடுத்தால், தற்காலிக விசா தர ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் தெருவில் மட்டும் அப்படி உத்தரவாதம் கொடுக்கக் காத்திருக்கும் வீடுகள் பல.

தாமுவில் கொல்லப்பட்ட இருவரின் வழக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு பெற்றுக் கொடுங்கள். மோரேக்கு நேரில் ஒரு குழுவாகப் போய்வாருங்கள்.

எந்தத் தேதியில் என்ன கேள்வி கேட்டீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதை உங்கள் தொகுதி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். கூட்டத்தொடர் முடிந்ததும் வியாசர்பாடியிலிருந்து நாங்கள் வந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தின் மகள்
வியாசர்பாடி, சென்னை